அறுபத்திரண்டு மில்லிமீட்டர்

பட்டறையில் அவனுக்கு மைக்ரான் என்று பட்டப்பெயர். தலைமுடி ஒன்றைக் குறுக்கே எழுபது கூறு போட்டால் அதில் ஒரு கூறுக்குப் பேர் மைக்ரான். இரும்பு கடைகிற லேத்தில் நின்றால் அந்த ஒரு கூறுக்கும் பதில் சொல்லச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவர்களின் உயிரை எடுப்பான். வீட்டிலும் அதே கதைதான். கதவுக் கீல் கிரீச்சிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. நாற்காலியின் கால் ஒன்று தத்தினால், உட்கார்ந்திருக்கிற விருந்தாளியை எழுப்பி நிற்க வைத்துவிட்டு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுக்கொள்வான். இப்படிப்பட்டவன் கையில் போய் அந்தக் காரின் கியர் லீவர் மாட்டியது தலைவிதி என்று அவன் அக்கா பிற்பாடு சொன்னாள். தலைவிதியாவது மண்ணாங்கட்டியாவது! செய்ததெல்லாம் அவன்தான். ஆசை ஆசையாகச் செய்தான், அதுதான் கொடுமை.

கார் மாமாவுடையது. மாமா என்றால் அக்கா புருஷன். இருபத்தாறு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம், நடுவில் கை காட்டுகிறவன், ஓடி வந்து தொற்றுகிறவன், இறங்க மறந்துவிட்டுக் கத்துகிறவன். "என் ஆயுசுல பாதி பிரேக்குலயே போயிடுச்சுடா மாப்ளே" என்பார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. யாருக்காகவும் நிறுத்தாமல் ஒரு ரவுண்டு ஓட்ட வேண்டும். ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் கியரைத் தட்டிக்கொண்டே போய், ஒரு நிறுத்தத்திலும் நிற்காமல், முழுசாக ஒரு ரவுண்டு. அவ்வளவுதான். இதைவிடச் சின்ன ஆசையை யாரும் படமுடியாது.

அந்த ஒரு ரவுண்டுக்காக, பதினோரு பெட்டிகளில் உதிரி உதிரியாக வந்த காரை ஆறு வருஷம் லீவு நாள்களில் இரண்டு பேரும் சேர்ந்து கட்டினார்கள். இரும்புக் குழாய்களால் ஒரு கூடு, அதன்மேல் ஃபைபர் தகடு, ஒட்டிக்கொண்டு உட்கார இரண்டு சீட்டு, முதுகுக்குப் பின்னால் விபத்தில் நொறுங்கிய மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த இன்ஜின். கூரை கிடையாது. நம்பர் பிளேட் கிடையாது, அதனால் தெருவில் ஓட்டவும் முடியாது. ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன விமான ஓடுதளம் ஒன்றை ஒரு கார் கிளப் எடுத்து வைத்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தமாகக் கார் கட்டிய கிறுக்கர்களையெல்லாம் அங்கே ஓட விடுவார்கள்.

கார் முடியப்போகிற நேரத்தில் மாமாவுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. இடது கை. முதலில் சுளுக்கு என்றார்கள். பிறகு கழுத்து எலும்பு என்றார்கள். கடைசியில் நரம்பு டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்து, விரலை மடக்கச் சொல்லி, ஊசியால் குத்தி, ஒரு நாள் முழுக்கச் சோதித்துவிட்டு, தசைக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன என்றார். இடது கையில் ஆரம்பித்திருக்கிறது, அங்கேயே நிற்காது, நிறுத்த மருந்தும் இல்லை. "ஏதாவது செய்யணும்னு நெனச்சு வெச்சிருந்தீங்கன்னா தள்ளிப்போடாதீங்க" என்றும் சொன்னார். நல்ல மனுஷன், முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

கிளப்பின் அடுத்த ஞாயிறுக்கு ஏழு வாரம் இருந்தது. காரில் கியர் லீவர் இருப்பது இடது கைப் பக்கம்.

*

மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்குக் காரில் இருப்பதுபோல மேலும் கீழும் குறுக்கும் நெடுக்கும் போகிற கியர் இல்லை. லீவரை முன்னால் ஒரு தள்ளு தள்ளினால் ஒன்று. பின்னால் ஒவ்வொரு இழுப்புக்கும் இரண்டு, மூன்று என்று ஆறு வரைக்கும் ஏறும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டிருக்கிறது எந்தக் கியரும் பற்றாத நியூட்ரல். அரை மனசாக இழுத்தால் அதில் போய் விழுந்துவிடும்.

சீட்டுக்குப் பக்கத்தில் லீவர், முதுகுக்குப் பின்னால் இன்ஜின், இரண்டுக்கும் நடுவே ஒரு நீள ராடு. லீவரின் அடியில் அச்சாணி மாதிரி ஒரு பின், ராடின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பந்து மூட்டு, இன்ஜினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற தண்டில் ஒரு சின்ன இரும்புக் கை. பெட்டியில் வந்த சாமான் எல்லாமே மட்டம். நான்கு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம். மைக்ரான் லீவர் தலையைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். நான்கு விரல் அகலத்துக்கு அது பாட்டுக்குச் சும்மா போய் வந்தது, அந்தப் பக்கம் இன்ஜினில் ஒரு சலனமும் இல்லை. அவனுக்கு மேலெல்லாம் எரிந்தது.

"மாமா, இது கியரா, இல்ல சட்டியில கரண்டி விட்டுக் கிண்டுறோமா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கா! இதுல நியூட்ரலைத் தேடிக் கண்டுபிடிக்கவே தனியா ஒரு கண்டக்டர் போடணும்."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க பழைய பஸ்ஸுல லீவரைத் தட்டுனா ஜன்னல் வரைக்கும் போயிட்டு வரும்டா. அதுலயே நான் ஓட்டலையா? இருக்கட்டும் விடு."

விடுகிறவனா அவன்? நுணுக்கமாக அளக்கிற வெர்னியரையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு காருக்குள் தலைகுப்புறக் கவிழ்ந்துவிட்டான். லீவர் தலையில் எவ்வளவு வெற்றசைவு, அதில் எந்த மூட்டின் பங்கு எவ்வளவு என்று ஒரு சாயங்காலம் முழுக்க அளந்து எழுதினான். அடிப் பின் பதினான்கு. முன் மூட்டு பத்தொன்பது. பின்பக்க மூட்டு பதினேழு. இன்ஜின் கை பன்னிரண்டு. ஆகமொத்தம் அறுபத்திரண்டு மில்லிமீட்டர். அந்த எண்ணின் கீழே இரண்டு கோடு போட்டான், குற்றவாளியின் பேரை எழுதினவன் மாதிரி.

அடுத்த வாரம் மாமா மறுபடியும் சொன்னார். "எனக்கு இதுதான்டா தோதா இருக்கு." மைக்ரான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முடியாத மனுஷன், நமக்குச் சிரமம் வேண்டாம் என்று பார்க்கிறார் என்று நினைத்தான். நோய்க்காரர்கள் எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்! நோஞ்சான் கைக்குக் கியர் துல்லியமாக இருக்க வேண்டாமா, சும்மா ஆட்டத்திலேயே பாதி பலம் வீணாகப் போகிறதே என்பது அவன் கணக்கு. கேட்கிறவர்களுக்கும் சரியாகத்தான் பட்டிருக்கும்.

மூன்று வாரம் இருக்கும்போது ஸ்பேனரோடு வந்து நின்றான். மாமா ஷெட்டில் காருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையை நீட்டி ராடின்மேல் வைத்துக்கொண்டார்.

"மாப்ளே, இந்தத் தடவை இப்படியே போயிட்டு வந்துடுறேனே. அடுத்த தடவைக்கு நீ என்ன வேணா பண்ணிக்கோ."

"அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்கா மாமா?"

வாயிலிருந்து விழுந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான், என்ன பிரயோஜனம்? மாமா ராடின்மேலிருந்து கையை எடுத்தார். எடுத்து, துணியால் துடைத்துக்கொண்டார்.

"அதுவும் சரிதான். கழட்டு" என்றார்.

*

அந்த மூன்று வாரம் மைக்ரான் மனுஷனாக இல்லை. பட்டறையில் வேலை முடிந்ததும் லேத்தை விட்டு நகராமல், சாயங்காலம் இருட்டிக்கொண்டு வரும்வரை தனக்கென்று உட்கார்ந்தான். அடிப் பின் ஆடாமல் உட்கார வெண்கலத்தில் புஷ் என்கிற உறை கடைந்தான். ராடைக் கெட்டிக் குழாயில் புதிதாகச் செய்தான். இரண்டு முனைக்கும் நல்ல ஜாதி மூட்டுகளாகத் தேடிப் பிடித்து, ஒன்றை நான்கு முறை திருப்பி அனுப்பி மாற்றி வாங்கினான். இன்ஜின் தண்டுக்கான கையைப் பல்லோடு பல் கடித்து உட்காரும்படி வெட்டினான். அதோடு விட்டானா? லீவரின் அடிப்பாகத்தை நீட்டி, மேலே தலை நகர வேண்டிய தூரத்தையும் பாதியாகக் குறைத்தான். பழைய ராடை அறுத்துப் புது மூட்டுகளுக்கு இடையில் சொருக நான்கு வளையமாக்கிக்கொண்டான், பழைய மூட்டுகளைப் பட்டறைக் கழிவு இரும்போடு எறிந்தான். எறியும்போது "ஒழிஞ்சது சனியன்" என்று வாய்விட்டுச் சொன்னான்.

சனிக்கிழமை மத்தியானம்தான் எல்லாம் மாட்டி முடிந்தது. லீவரைத் தொட்டால் பட்டென்று மறுமுனையில் இன்ஜின் கை அசைந்தது. தலையில் வெற்றசைவு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மாமாவை உட்கார வைத்தான். இன்ஜின் ஓடாமல், நின்ற இடத்தில் எல்லாக் கியரும் விழாது. அவர் மணிக்கட்டை லீவரின்மேல் வைத்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

"எப்படி இருக்கு மாமா?"

மாமா அவன் முகத்தைப் பார்த்தார். அந்த மூஞ்சி பரீட்சைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் மூஞ்சி மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு யாரால் வேறெதுவும் சொல்ல முடியும்?

"பிரமாதம்டா" என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று இருந்தது. ஓடுதளத்தின் வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. டயர்களை அடுக்கி வளைவு வளைவாகப் பாதை பிரித்திருந்தார்கள். காரில் ஒருத்தர் மட்டும்தான் போக வேண்டும், பக்கத்தில் ஆள் கூடாது என்று கிளப்பின் கொடிக்காரர் சொல்லிவிட்டார். அக்கா கூடவே போய் மாமாவை உட்கார வைத்து, ஹெல்மெட் போட்டு, பெல்ட்டை மாட்டி, இன்னும் எதையோ குனிந்து கட்டிவிட்டு வந்தாள். மைக்ரான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கிருந்து பார்க்க ஹெல்மெட் மட்டும்தான் தெரிந்தது.

கொடி இறங்கியது. ஒன்றில் சுத்தமாகக் கிளம்பினார். இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. இரண்டாவது விழ வேண்டிய இடத்தில், விழவில்லை. சத்தம் திடீரென்று வானத்துக்கு எகிறியது, காரோ தள்ளாடிக்கொண்டு வேகம் இழந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் மைக்ரானுக்கு விளங்கிவிடும். நியூட்ரல். கார் எண்பது மீட்டரில் நின்றுவிட்டது.

மறுபடியும் ஒன்று போட்டார். உடம்போடு சாய்ந்து தள்ளுவது தெரிந்தது. கிளம்பியது, அலறியது, நின்றது. மூன்றாவது தடவையும் அதேதான். பின்னால் இரண்டு கார்கள் காத்துக்கொண்டிருந்தன. கொடிக்காரர் கொடியைக் குறுக்கே நீட்டினார். இரண்டு பேர் ஓடிப்போய்க் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மாமா ஹெல்மெட்டைக் கழற்றவிட்டு, வியர்வை வழிய, சிரித்தார். "இங்கயும் ஸ்டாப்பிங் போட்டு வெச்சிருக்காங்கடா மாப்ளே. எண்பது மீட்டருக்கு ஒண்ணு."

மைக்ரானுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வேலையில் எங்கேயோ கோளாறு என்று நினைத்தான். எந்த போல்ட் நழுவியது? எந்தப் பல் உட்காரவில்லை? கொடிக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, சோதித்துப் பார்க்க ஒரு ரவுண்டு கேட்டு வாங்கினான். மாமாவை இறக்கிவிட்டுத் தான் ஏறினான். ஒன்று. இரண்டு. இரண்டு விரலால் இழுத்ததற்கே இரண்டு சொடக்கென்று விழுந்தது. மூன்று, நான்கு. நேர்ப்பாதையில் ஐந்து, ஆறு. வளைவுக்குக் கியரை இறக்கினான், மறுபடி ஏற்றினான். வாழ்நாளில் அப்படி ஒரு கியரை அவன் தொட்டதில்லை. யாருக்காகவும் நிற்காமல், எங்கேயும் நிற்காமல், முழுசாக ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்து நிறுத்தினான். குதித்து இறங்கினான். பாவி, முகமெல்லாம் பல்லாக இறங்கினான்.

"மாமா! வண்டியில ஒரு குறையும் இல்ல மாமா!"

"அதான் பார்த்தேனே. ஜோரா போச்சு" என்றார் மாமா. சொல்லிவிட்டு ஓடுதளத்தின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா தம்பியின் சட்டையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அவள் பள்ளிக்கூடப் பைகள் தைத்துக் கொடுக்கிறவள், விரல்களில் எப்போதும் ஊசிக் காயம் இருக்கும். அந்தக் கையில் ஒரு பட்டையை வைத்திருந்தாள். பைக்குத் தோளில் மாட்டப் போடுகிற பட்டை. இரண்டு பக்கமும் வளையமாக மடித்து அழுத்தித் தைத்திருந்தது.

"இது என்ன தெரியுமாடா?"

"என்ன?"

"ஒரு வளையம் அவர் மணிக்கட்டுக்கு. இன்னொண்ணு உன் லீவருக்கு. அவர் விரல் மடங்காமப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. உனக்குத் தெரியக் கூடாதுன்னுட்டார்."

மைக்ரான் பட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"நீ வேலைக்குப் போனதும் தினம் காலையில ஷெட்டுல காரை முட்டுக் கொடுத்துத் தூக்கி வெச்சு, இன்ஜினை ஓடவிட்டுப் பழகினார். நான்தான் கூட நின்னேன். கையில பலம் இல்ல, தோள்ல இருந்துச்சு. லீவர் லூஸா இருந்துச்சா? அந்த நாலு விரல் தூரம் தோளை வீசுவார், சுத்தியல் ஓங்குற மாதிரி. வீசுன வேகத்துல போய் இடிச்சு, டக்குனு விழும். ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் போட்டார்டா. நான் எண்ணினேன். ஒரு நாள் கூடத் தப்பினதில்ல. நீ கழட்டுற அன்னிக்கிக் காலையில வரைக்கும்."

ஓங்க இடமில்லாத சுத்தியல். அதைத்தான் அவன் மூன்று வாரம் பாடுபட்டு, மைக்ரான் கணக்கில் செய்து கொடுத்திருந்தான். தலை நகரும் தூரத்தைப் பாதியாக்கியதில் இழுக்க வேண்டிய பலத்தை இரட்டிப்பாக வேறு ஆக்கியிருந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த நெம்புகோல் கணக்கு. கெட்டிக்காரனுக்குத் தெரியவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?"

"சொன்னாரே. மூணு தரம் சொன்னார்" என்றாள் அக்கா. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் அவனை அதிகமாகக் கொன்றது.

*

அடுத்த ஞாயிறு மூன்று மாதம் தள்ளி. இப்போது அடுத்த தடவை என்று ஒன்று இருந்தது.

பழைய ராடும் இல்லை, மூட்டும் இல்லை. ஆனால் நோட்டு இருந்தது. பதினான்கு, பத்தொன்பது, பதினேழு, பன்னிரண்டு. மைக்ரான் இன்னொரு ராடு செய்ய உட்கார்ந்தான். நல்லதைச் செய்யத் தெரிந்தவனுக்குக் கெட்டதைச் செய்யத் தெரியவில்லை. துளையைப் பெரிதாக்கினால் கை தானாகவே அதை வட்டமாகத் திருத்தியது. பின்னைத் தேய்த்தால் கண் தானாகவே மட்டம் பார்த்தது. பட்டறையில் பார்த்தவர்கள் "என்னடா, மைக்ரானுக்குக் கண் அவிஞ்சு போச்சா?" என்று கேலி செய்தார்கள். அவன் தலை நிமிரவில்லை. நான்கு நாளில் ஆட்டத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தான், லீவரின் அடியையும் பழைய நீளத்துக்கு வெட்டினான். ஷெட்டில் மாட்டி அளந்தான். அறுபத்திரண்டு. நல்ல ராடைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டான்.

"தப்புப் பண்ணிட்டேன் மாமா" என்றான்.

"போடா கிறுக்கா. ஊர்ல அவனவன் நல்ல வேலை செய்ய மாட்டேங்கிறான்னு சண்டை. நீ நல்லா செஞ்சுட்டேன்னு அழுவுறே." மாமா வலது கையால் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினார். "காரைத் தூக்கி வை. பார்ப்போம்."

காரை முட்டுக் கொடுத்துப் பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, இன்ஜினை ஓடவிட்டார்கள். அக்கா பட்டையை மாட்டினாள். மாமா தோளை வீசினார். இரண்டு விழுந்தது. மூன்று விழுந்தது. நான்கு விழவில்லை. பழகப் பழக வந்துவிடும் என்றார்கள் மூன்று பேரும், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல். மைக்ரான் நோட்டில் தேதி போட்டு எழுதினான்: ஆட்டம் 62, கியர் 3.

இரண்டு வாரத்தில் மூன்று விழவில்லை. ஓங்குகிற தூரம் போதவில்லை போலிருக்கிறது என்று பின்னை இன்னும் தேய்த்தான். ஆட்டம் 70, கியர் 2. அப்புறம் 85. கையால் வேண்டாம், காலால் போடுகிற மாதிரி பண்ணிவிடலாமா என்று படம் போட்டுப் பார்த்தான். மூன்று பெடலுக்கே அங்கே இடம் போதாது, மாமாவின் இடது பாதமும் இப்போது தரையில் இழுபட ஆரம்பித்திருந்தது. பொத்தானை அழுத்தினால் தானே கியர் மாறுகிற மாதிரி ஒன்று காட்டினான்.

"பொத்தான் அழுத்துறதுக்கு நான் எதுக்குடா? லிஃப்டுல ஏறி நின்னுக்குறேன்."

"அப்ப கிளப்புல கெஞ்சிப் பார்க்குறேன் மாமா. நான் பக்கத்துல உட்கார்ந்து கியர் போடுறேன். நீங்க ஸ்டீயரிங்."

"நான் ஸ்டீயரிங், நீ கியரு. டிக்கெட் யாரு கிழிக்கிறது, உங்க அக்காவா?" சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "வேண்டாம் மாப்ளே. அது சவாரி. சவாரிக்கு நான் ஆசைப்படல" என்றார்.

ஆட்டம் 85, கியர் 1. அந்த ஒன்றும் உடம்பால் சாய்ந்து தள்ளியது, இழுத்தது அல்ல. ஆனாலும் மைக்ரான் எழுதிக்கொண்டான். எழுதுவதை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று ஏதோ ஒரு மூட பயம் அவனுக்கு.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை ஏழு மணிக்கே வெயில் ஷெட்டுக்குள் பாதி வரைக்கும் விழுந்திருந்தது. தம்பியும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி மாமாவைக் காரில் இறக்கினார்கள். அவர் இன்னும் இளைத்திருந்தார். சீட்டில் இரண்டு தலையணை சொருக வேண்டியிருந்தது. ஓடுதளத்துக்குப் போவதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

"ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

இன்ஜின் பற்றிக்கொண்டது. அக்கா குனிந்து பட்டையின் ஒரு வளையத்தை அவர் மணிக்கட்டிலும் இன்னொன்றை லீவரிலும் மாட்டினாள். மாமா கண்ணை மூடி, பல்லைக் கடித்து, தோளைத் தூக்கினார். தூக்கினார் என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, தோள் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி ஒரு தடவை. மறுபடி.

இன்ஜின் அதிர்வில், எண்பத்தைந்து மில்லிமீட்டர் ஆட்டத்துக்குள் லீவர் தானாகவே லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதில் கட்டியிருந்த கையும் கூடவே ஆடியது. அந்தக் கை அசைந்து அவர்கள் பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எழுதிக்கிட்டியா?" என்றார் மாமா.

நோட்டு மைக்ரான் கையில்தான் இருந்தது. பென்சிலை எடுத்தான். தேதி போட்டான். ஆட்டம் 85 என்று எழுதினான். கியர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சைபர் போட்டான்.

"எழுதிட்டேன் மாமா."

"சரி. அந்த நல்ல ராடை எடுத்து மாட்டிக்கிட்டு, நீ போய் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வா. இந்த லூஸை வெச்சுக்கிட்டு உனக்கு ஓட்ட வராது."

ராடு சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் பூசி, பளபளவென்று, அரை மில்லிமீட்டர் குறையில்லாமல். மைக்ரான் அதைத் திரும்பிப் பார்த்தான். கை நீட்டினால் எட்டும் தூரம்தான்.

"நான் போகல மாமா."

மாமா லீவரோடு ஆடிக்கொண்டிருந்த தன் கையை, வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நிறுத்திடு. பெட்ரோல் வீணாப் போகுது" என்றார்.

மைக்ரான் குனிந்து சாவியைத் திருப்பினான்.